பால்பொடி டப்பாவில் கோயில் அரிசி

மக்களே, அம்மா உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுவதைப் பார்த்து, "இப்பவும் இதெல்லாம் வேணுமாப்பா?" என்று போன வாரம் கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னவள் பிறந்த மூன்றாம் மாதம் நான் வளைகுடாவுக்குப் போனேன். அந்த முதல் வருடத்தில் நடந்தது இது. ஏ.சி. மெக்கானிக் வேலை. பட்டணத்திலிருந்து வெகு தூரத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில் கேம்ப். சுற்றுவட்டாரத்தில் நம் கோயில் ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வேலைநாள். இங்கே கருங்கல் பக்கம் நம் சபையில் காலை ஒன்பதுக்கு மணி அடிக்கும்போது அங்கே ஆறரை, கம்பெனி வேனில் ஏறும் நேரம். இப்போது முதல் பாட்டு, இப்போது அம்மா சின்னவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பாள் என்று மனதுக்குள்ளேயே ஆராதனை நடத்துவேன். பிரசங்கம் தொடங்குவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

அந்த நாட்டுச் சட்டத்தை நினைத்து, சத்தமாகப் பாடவோ ஜெபிக்கவோ பயம். யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் சமையல் முறை வரும் நாளில் ஒரு பிடி அரிசியை எடுத்து, பழைய பால்பொடி டப்பாவில் போட்டு வைப்பேன். ஊரில் மாதம் ஒருமுறை அந்த அரிசி கோயிலுக்குப் போகும். அங்கே எங்கே போகும்? பத்து மாதத்தில் டப்பா நிறைந்துவிட்டது. பிரித்து வைத்த பிடியைத் திரும்ப வீட்டு உலையில் போடக்கூடாது என்பதல்லவா நம் வழக்கம். வண்டு விழுந்த பிறகும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியின் மேலேயே வைத்திருந்தேன்.

என் அறையில் குளச்சல்காரர் ஒருவர் இருந்தார், வேன் டிரைவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐந்து வேளையும் பாய் விரித்துத் தொழுவார். அந்தப் பாயைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும். டப்பா விஷயத்தை மட்டும் அவரிடம் சொன்னதே இல்லை. கேலி செய்வாரோ என்று கூச்சம்.

நோன்பு மாதம் வந்தது. காக்கா தினமும் ஊர்ப் பக்குவத்தில் நோன்புக்கஞ்சி காய்ச்சுவார். கேம்பில் பத்துப் பதினொரு பேர் தட்டோடு வருவார்கள். எனக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு நாள் மணல்காற்று அடித்து ரோடு அடைபட்டது. சாமான் வண்டி வரவில்லை. சாயங்காலம் நான் அறைக்கு வந்தபோது கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. என் டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"யார்ட்ட கேட்டு எடுத்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

"அரிசிதானே மக்கா. வண்டு விழுந்து கெடந்து. பொடைச்சுக் கழுவித்தான் போட்டேன். ரோடு திறந்தா வாங்கித் தாறேன்."

"திங்கதுக்கு உள்ள அரிசியா அது? கோயிலுக்கு உள்ளது."

அவர் கை நின்றுவிட்டது. விடியற்காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் சில நிமிடம்தான். வாசலில் தட்டுகளோடு ஆட்கள். அவர் அடுப்பை அணைத்தார்.

"எனக்குத் தெரியாதே மக்கா. ஒரு வார்த்த நீ சொல்லலியே. இனி இத நான் வெளம்ப மாட்டேன். இங்க ஒங்க கோயிலுக்கு உள்ள ஆளு நீ ஒருத்தன்தான். நீ என்ன சொல்லுதியோ அதுதான்."

கரண்டியை என்னிடம் நீட்டினார்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் அந்தப் பானையை அப்படியே மூடி வைத்திருப்பார். பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் நோன்பு திறந்திருப்பார். பத்து மாதமாக அந்த அரிசிக்குப் போக இடமில்லையே என்று ஏங்கினவன் நான். இப்போது போகிற இடம் தட்டை ஏந்திக்கொண்டு வாசலில் நிற்கிறது. அது கோயில்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினேன். ஊரை விட்டு வந்தபின் முதல்முறையாக வாய் திறந்து ஜெபித்தேன், இரண்டே வரி. காக்கா தலையைக் குனிந்து நின்றார். பாங்கு கேட்டது. ஒவ்வொரு தட்டிலும் ஊற்றி விளம்பினேன்.

கடைசியில்தான் அவருக்கு ஊற்றினேன். "கோவத்தில வெளம்பினாலும் கஞ்சிக்கு ருசி கொறயல்ல" என்றார். வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதன்பின் அவர் சமைக்கும் நாளிலும் டப்பாவில் ஒரு பிடி விழுந்தது. "எனக்க கை பெரிசு மக்கா, ஒங்க கோயிலுக்கு லாபம்" என்பார். அடுத்த நோன்பு வரை சேர்த்து, நானே அதைக் கஞ்சியில் போட்டேன். நான் அங்கே இருந்த வருடமெல்லாம் அப்படித்தான்.

இப்போது கோயில் மணி காதில் விழும் தூரத்தில் இருக்கிறேன். காக்கா இன்னும் அங்கேதான். மணி அடிக்கும்போது, அங்கே ஆறரை, காக்கா வேனை எடுத்திருப்பார் என்று மனம் இப்போது அந்தப் பக்கம் போகிறது.

நீங்கள் கேட்ட அன்று, எல்லோரும் வெளியே போனபின், நான் அடுக்களைக்குப் போனேன். டப்பாவைத் திறந்து என் கையால் ஒரு பிடி போட்டேன். பிறகு விரல்களை முடிந்த மட்டும் அகல விரித்து, காக்காவின் கையளவுக்கு இன்னொரு பிடி அள்ளிப் போட்டு, மூடினேன்.