கோணியை எடுத்த கையெழுத்து

கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் ஓர் இறால் கொட்டகையின் தரை வழுக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். எழுபத்திரண்டு வயதில் இதைச் சொல்ல எனக்கு யார் அனுமதியும் தேவையில்லை. சொல்ல வேண்டாம் என்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தரைகளைச் சோதித்துச் சான்று தரும் வேலை செய்துவந்தேன். அதற்கான கருவி எளிமையானது. ஒரு தண்டின் நுனியில் ரப்பர் பட்டை இருக்கும். தண்டைத் தூக்கி விட்டால் அது ஊசல்போல் இறங்கித் தரையை உரசிக்கொண்டு மறுபக்கம் ஏறும். கூடவே போகும் முள் ஓர் எண்ணில் நின்றுவிடும். எண் பெரிதாக இருந்தால் தரையில் பிடிப்பு அதிகம் என்று பொருள். ஈரத் தரையில் அது முப்பத்தாறுக்குக் குறையக் கூடாது.

அந்தக் கொட்டகையில் பெண்கள் நின்றபடி இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு கோணியைக் காலடியில் விரித்திருந்தார்கள். இறால் தலையிலிருந்து வழியும் கொழகொழப்பும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்துவிட்டால் கம்பூட்ஸ் போட்ட கால்கூட நிற்காது. கோணிமேல் நிற்கும். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. கோணியில் கிருமி தங்கும், வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்கள் பார்த்தால் தொலைந்தோம் என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. தரை நல்ல தரை என்று ஒரு தாள் கிடைத்தால் கோணிகளை எடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

முதல் மேஜையில் நின்ற அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் பெட்டியைத் திறந்ததும், "இன்னா சார், தையல் மிஷினா? எனக்கு ஒரு ஜாக்கெட் தெச்சிக் குடேன்" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. பிறகு தன் கோணியைக் காலாலேயே ஒதுக்கிவிட்டு, "இங்க ஆட்டிப் பாரு சார். நாங்க நிக்கிற எடம் இதான்" என்றார்.

ஆட்டினேன். முள் பத்தொன்பதில் நின்றது. நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. சுத்தமான தண்ணீர் ஊற்றிச் சோதிப்பதுதானே முறை என்று கேட்டார். முறை அதுதான். ஆனால் அவர் என்னை அழைத்துப்போனது லாரிக்குச் சரக்கு ஏற்றும் வாசலுக்கு. அங்கே சொரசொரப்பான புது சிமென்ட் தரை. யாரும் நின்று வேலை செய்யாத இடம். நாற்பத்தொன்று வந்தது. அறிக்கையில் உரிக்கும் பகுதிக்கான கட்டத்தில் அந்த நாற்பத்தொன்றை எழுதினேன்.

என்னை யாரும் மிரட்டவில்லை. கிளம்பும்போது ஐஸ் போட்டு ஒரு பை இறால் கொடுத்தார்கள். வீட்டில் வறுத்துச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

மறுநாளே கோணிகளை எடுத்துவிட்டார்கள். என் அறிக்கையின் நகலைச் சுவரில் ஒட்டினார்கள். நான்காம் நாள் அந்த அம்மா இறால் தட்டோடு வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. விபத்துப் பதிவேட்டில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். வேலையும் போனது. அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

எனக்கு இவையெல்லாம் தெரியவந்தது கம்பெனி வக்கீல் தொலைபேசியில் அழைத்தபோதுதான். வந்து கையெழுத்தை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும் என்றார். பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அதைப் பார்த்த என் மகன், இந்த வயதில் மோசடிக்காரன் என்று பெயர் வாங்க வேண்டுமா, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமே என்றான். அந்தப் பெயர் எனக்குப் பொருந்தும், வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

தொழிலாளர் துறை அலுவலகத்தில், விசாரணை அதிகாரியின் முன்னால் வக்கீல் அறிக்கையை நீட்டி, கையெழுத்து என்னுடையதுதானா என்று கேட்டார்.

"கையெழுத்து என்னுடையது. எண் அந்தத் தரையினுடையது அல்ல" என்றேன்.

நோட்டை மேஜைமேல் வைத்து, நடந்ததை இறால் பை உட்படச் சொன்னேன். வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. இந்த வயதில் மாத்திரை போட்டோமா என்பதாவது எனக்கு நினைவிருக்குமா என்றார். மறந்துவிடும், அதனால்தான் அப்போதே நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் என்றேன். என்மேல் நடவடிக்கை வரும் என்றார். வரட்டும், விலாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதிகாரி நோட்டை வாங்கிக்கொண்டு, வேலை நடக்கும் நேரத்தில் பெண்கள் நிற்கும் இடத்திலேயே தரையை மறுபடி சோதிக்க உத்தரவிட்டார்.

வெளியே பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடக்கும் வாக்கர், அதைப் பிடித்தபடி அவர் மருமகள். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"மன்னிப்புலாம் இன்னாத்துக்கு சார்?" என்றார். "நாலு மாசம் படுத்துகினு கெடந்தேன். கண்ணு இன்னா பொடனிலயா இருந்துச்சின்னு இவளே கேட்டா. நான் பாத்துதான் நடந்தேன். அத்த எழுதிக் குடு."

அவர் விழுந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதி ஒருமுறை கெடுத்தாயிற்று. அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். அந்த இடத்தின் எண் பத்தொன்பது, எவ்வளவு கவனமாக நடப்பவரையும் அந்தத் தரை கீழே தள்ளும், இது தெரிந்தே நான் பொய் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "சத்தமா படி சார். இவ காதுல வுழட்டும்."

படித்தேன். வராந்தாவில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "இன்னொரு தபா" என்றார் அந்த அம்மா. இந்த முறை எழுந்து நின்று படித்தேன்.