அப்பா பற்றவைத்த கேரியர்

ஒரு மொபெட்டுக்குக் கேரியர் செய்வதற்கு எங்கள் வீட்டில் நடந்த பேச்சு, என் சித்தியின் கல்யாணப் பேச்சைவிட நீளமானது. கல்யாணத்தில்கூட இரண்டு பக்கம்தான். இதில் மூன்று பக்கம்.

அப்போது நாங்கள் ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில், ஆறு குடித்தனங்கள் வரிசையாக இருந்த லைன் வீட்டில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா பக்கத்துக் கம்பெனியில் வெல்டிங் பிரிவில் காண்ட்ராக்ட் ஆள். அம்மா அதே கம்பெனி ஆட்களுக்கு மதியச் சோறு ஆக்கி, பழைய மொபெட்டில் கொண்டுபோய்க் கேட்டில் கொடுப்பாள். முன்னால் சோற்று டப்பா, ஹேண்டிலின் இரு பக்கமும் தூக்குகள், பின்னால் கூடை. அவள் கிளம்பிப் போவதே ஒரு கரகாட்டம் மாதிரி இருக்கும். ஒரு நாள் திருப்பத்தில் ரசம் சிந்திக் கால் வெந்துபோன பிறகு, வண்டியின் இரு பக்கமும் இரும்புக் கேரியர் வைத்தே தீர வேண்டும் என்று முடிவானது. அப்பா பழைய இரும்புக் கடையிலிருந்து மெல்லிய சதுரக் குழாய்களை வாங்கி வந்து அளவாக அறுத்தும் வைத்துவிட்டார். அவற்றை எப்படி ஒட்டுவது என்பதில்தான் சிக்கல்.

மாமா குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிறவர். அவருக்கு வெல்டிங்கே ஆகாது. "நட்டு போல்ட்டு போட்டு முடுக்கிடு மாப்ள. எதுக்குமே கழட்டறதுக்கு ஒரு வழி வெச்சிக்கணும். கல்யாணத்துலதான் அது இல்லாமப் போச்சி" என்றார். அடுப்படியிலிருந்து அத்தை கரண்டியைத் தட்டிய சத்தம் கேட்டது.

பஸ் ஸ்டாப் அருகே பட்டறை வைத்திருந்த பாய், ராடு வெல்டிங் என்றார். அது கரண்டு மெஷினில் குச்சியை மாட்டிப் பற்றவைப்பது. ஊரில் இரும்புக் கேட்டு, ஜன்னல் எல்லாம் அதில்தான். "பாக்கறதுக்குக் கரடுமுரடா இருக்கும் தம்பி. ஆனா மாமியார் பேச்சு மாதிரி, லேசுல வுட்டுப் போவாது."

"தின்னான பைப்பு பாய். ராடு வெச்சா ஓட்டை வுழுந்துடும். இதுக்கு சிஓடூதான் சரி" என்றார் அப்பா.

"கரண்டக் கொறச்சி, தொட்டுத் தொட்டு எடுத்தா ஏன் வுழுது? நீ கம்பெனிக்காரன். உனக்கு எங்க பட்டறை கசக்குது" என்று பாய் சிரித்தார்.

சிஓடூ என்பது அப்பா கம்பெனியில் நாள் முழுக்கச் செய்கிற வேலை. துப்பாக்கி மாதிரி ஒன்றின் வாயிலிருந்து கம்பியும் கேஸும் ஒன்றாக வரும். கம்பி உருகி ஒட்டும். கேஸ் சுற்றி நின்று, காற்றுப் படாமல் அதைக் காக்கும். ஒட்டின இடம் ஜடை பின்னினாற்போல வரிவரியாக இருக்கும் என்று சொல்லும்போது அப்பாவின் விரல்கள் காற்றில் பின்னிக் காட்டும். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மெல்லிய குழாய்க்கு அதுதான் பொருத்தம் என்று இன்று நானும் சொல்வேன்.

அப்பாவின் கூட்டாளி ஒருவருக்கு சிப்காட் பக்கம் சின்ன ஷெட்டும் ஒரு சிஓடூ மெஷினும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வந்து ஷெட்டிலேயே வேலையை முடித்துக்கொள் என்றுதான் அவர் சொன்னார். அப்பா கேட்கவில்லை. மெஷினையும் சிலிண்டரையும் கூட்ஸ் ஆட்டோவில் ஏற்றி லைன் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். வீட்டுக்காரரிடம் கெஞ்சி மோட்டார் லைனிலிருந்து ஒயர் இழுத்தார். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று மாமா கேட்டதற்கு, மழுப்பலாகச் சிரித்தார்.

காரணம் அம்மாதான். எங்கள் சொந்த ஊரான நாகரசம்பட்டியில் மாந்தோப்புக்கு மருந்தடிக்கிறவன் வேலையை ஊரே பார்க்கும். கம்பெனி வேலையை யார் பார்த்தார்கள்? காலையில் கேட்டுக்குள் நுழைகிற ஆள் மாலையில் வெளியே வருவதுதான் அம்மாவுக்குத் தெரியும். "உனக்கு என்னா, நெழல்ல நிக்கிற வேலை. நான் அடுப்புல வேவறேன்" என்று விளையாட்டாகச் சொல்வாள். விளையாட்டானாலும் தினமும் சொன்னால் அது ஒரு மாதிரி உள்ளே இறங்கிவிடும்போலிருக்கிறது. அம்மா வாசலில் நின்று ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்கு ஆசை.

அது ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஓசூர்க் காற்றுக்கு அம்மி எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அப்பா ஒரு கனத்த போர்வையின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை என்னிடம் கொடுத்தார். "தலைக்கு மேல புடிச்சிக்கோம்மா. நான் சொல்றவரைக்கும் எறக்காத. இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத." அவ்வளவுதான் சொன்னார். தெருவில் போகிறவர்கள் கண்ணுக்கு மறைப்பு என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். காற்று வந்து அந்தக் கேஸைத் தள்ளிக்கொண்டு போய்விடாமல் இருக்கத்தான் போர்வை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு முகமூடி ஒன்றைக் கொடுத்து வாசற்படியில் நிறுத்தினார். "ஒண்ணும் தெரியலியே, ஒரே இருட்டு" என்றாள். பிறகு வெளிச்சம் பிடித்தது. "இத நாளெல்லாம் எப்பிடிய்யா பாத்துக்கினு நிக்கிற?" என்றாள். அந்தக் குரலில் அவள் அப்பாவிடம் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இடது பக்கக் கேரியர் முடிந்தது. வலது பக்கத்தில் பாதி வந்தபோது என் கை கடுத்துவிட்டது. போர்வை பாய்மரம்போல இழுத்தது. எதிரே நின்ற பிள்ளைகள் தூரத்திலிருந்தே அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்கள். இத்தனை பக்கத்தில் நிற்கிற நான் பார்க்கவில்லை. போர்வையை இடுப்புவரை இறக்கிவிட்டுப் பார்த்தேன். நீலமும் வெள்ளையுமாக, கண்ணை விட்டுப் போகாத ஒரு அழகு. சீராகப் பொரிந்துகொண்டிருந்த சத்தம் படபடவென்று மாறியது. அப்பா நிறுத்தி முகமூடியைத் தூக்கினார். அதற்குள் போர்வை தலைக்கு மேலே ஏறிவிட்டது. அவர் சிலிண்டரை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். நானும் மறுபடி இறக்கினேன்.

பிறகு கிரைண்டரில் தேய்த்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, சில்வர் பெயிண்ட் அடித்தார். பாய்கூட வந்து தடவிப் பார்த்து, "கல்யாணப் பொண்ணாட்டம் கீது" என்றார்.

அன்று சாயங்காலம் என் கண்ணில் மண்ணைக் கொட்டினாற்போல எரிந்தது. அப்பா உருளைக்கிழங்கை வில்லையாக அரிந்து கண்மேல் வைத்தார். "வெளிச்சத்தப் பாத்தியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வில்லை சூடானதும் எடுத்துவிட்டு வேறு வைத்தார். திரும்பக் கேட்கவில்லை.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அம்மா ராணி மாதிரி போய் வந்தாள். புதன்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. பின்னால் உட்கார்ந்து போனேன். கம்பெனி கேட்டுக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும், வலது கேரியர் படக்கென்று விட்டுக்கொண்டது. சாம்பார்த் தூக்கு உருண்டு போய், சாப்பிட வெளியே வந்து நின்றவர்கள் காலடியில் கொட்டியது. அம்மா வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். முப்பது பேருக்குக் குழம்பு இல்லை. அதைவிட, அந்த முப்பது பேரும் அப்பா கூட வேலை செய்கிறவர்கள்.

"வெல்டர் வூட்டுச் சாம்பார் ரோட்டுக்குத்தானா?" என்றார் ஒருவர். சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பசியில் இருப்பவர்களின் சிரிப்பு.

அவர்களுக்கு நடுவிலிருந்து அப்பா வந்து, குனிந்து உடைந்த துண்டை எடுத்தார். பெயிண்டுக்கு அடியில், விட்டுக்கொண்ட இடம் முழுக்கத் தேன்கூடுபோலப் பொடிப்பொடி ஓட்டைகள். கட்டைவிரலால் அதைத் தடவினார். "காத்து பூந்துட்டு இருக்குது. அன்னிக்கி…" என்று ஆரம்பித்தார்.

எனக்கு அப்போது பழமொழிப் பைத்தியம். யார் வாயிலிருந்து எது விழுந்தாலும் பொறுக்கி வைத்துக்கொண்டு, இடம் பார்த்து எடுத்து விடுவேன். பெரியவர்கள் சிரித்துக் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அம்மா தலைகுனிந்து நின்ற கோபமும் இருந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

அதற்கு எழுந்த சிரிப்பு சாம்பாருக்கு எழுந்ததைப்போல மூன்று மடங்கு. ஒருவர் என் தலையைத் தட்டி, "வாயப் பாரு" என்றார். இன்னொருவர், "என்னா கோணலு, பொண்ணே சொல்லிட்டா" என்றார். அப்பா அந்தக் கம்பெனியை விடும்வரை அதுதான் அவருக்குப் பெயர். சம்பளம் வாங்கும் வரிசையில்கூடக் கோணலு என்றுதான் கூப்பிட்டார்களாம். பாய் அன்றைக்கே ராடு வைத்து இரண்டு நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்தார். அப்பா தன் கையால் வீட்டுக்கென்று அதன்பிறகு எதையும் பற்றவைக்கவில்லை. அம்மாவும் வாசலில் நின்று கேட்ட அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

டிப்ளமோ முடித்து நானும் ஒரு கம்பெனியில், ஒட்டினதைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் சேர்ந்தேன். முதல் வாரம், வெல்டர் ஒருவர் என் பக்கமிருந்த ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். சொன்னார். காற்றடித்தால் கேஸ் விலகி, ஒட்டின இடத்தில் தேன்கூடுபோல ஓட்டை விழுமாம்.

அந்தப் புதன்கிழமை கம்பெனி கேட்டு வாசலில், சிரிப்பெல்லாம் அடங்கியதும், அப்பா ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமல் என்னைப் பார்த்தார். சரியாகச் சொன்னால், இன்னும் சிவப்பு வடியாத என் கண்களைப் பார்த்தார். "ஆமாம்மா, எனக்குத்தான் வரல" என்றார். பதில் சொல்ல ஒன்றும் இல்லாமல்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவரிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் அத்தனை பேரும் அடுத்து யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.