நங்கூரத்தில் கட்டிய எர்த்

"பாப்பா அந்தப் பொட்டியத் தொட்டா குறுகுறுங்குதுங்குறா. தொட்டுட்டுத் தொட்டுட்டு சிரிக்கிறா. வந்திருக்கற புள்ளைங்கல்லாம் வரிசையா நின்னு தொடுதுங்க. அது ஒண்ணும் பண்ணாதுல்ல?"

கடைத் தொலைபேசியில் இப்படிக் கேட்டது திருவேட்டக்குடி பூங்கோதை அக்கா. பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு அடியில் ஊம் என்று ஓர் இரைச்சல், போனிலேயே கேட்டது.

"முதல்ல ஸ்விட்ச அணைச்சுட்டு பிளக்க உருவிடுங்கக்கா. நான் கெளம்பி வர்றேன்" என்றேன்.

"அவரு கேக்க மாட்டாரே. திருவிழாவுக்குன்னுதானே வாங்குனாரு" என்றார். யாரோ அவரைக் கூப்பிட, போன் வைக்கப்பட்டுவிட்டது.

எங்கள் கடையில் இன்ஸ்டலேஷன் வேலைக்குப் புதிதாகச் சேரும் பெண்களிடம் இந்த ஒரு கம்ப்ளெயிண்டைப் பற்றி வாயால் பலமுறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

மாட்டிய நாள்

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, கல்யாணமாகி, மகளுக்கு எட்டு மாதமானபோது காரைக்காலில் ஹாஜா பாயின் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். என் மார்க்கைப் பார்த்து அவர் எடுக்கவில்லை. நம் ஊரில் பல வீடுகளில் ஆண்கள் சவூதியிலும் துபாயிலும் இருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்து கம்ப்யூட்டர் மாட்டித்தர ஒரு பெண் இருந்தால் நல்லது என்று அந்த வீட்டுக்காரர்களே கேட்டார்கள். அதற்குத்தான் நான். மூன்று மாதம் பார்ப்பேன், சரிவராவிட்டால் நிறுத்திவிடுவேன் என்றும் பாய் சொல்லியிருந்தார்.

பூங்கோதை அக்காவின் கணவர் செல்வமணி அண்ணன் துபாய்க்காரர் இல்லை. விசைப்படகில் பங்குள்ள மீனவர். அவருக்குக் கம்ப்யூட்டர் பாட்டுக் கேட்க மட்டும்தான் வேண்டும்.

"கேசட்டுன்னா கேசட்டு, அலமாரி முழுக்க வச்சிருந்தேன். எல்லாம் கடக்காத்துல பூசணம் பூத்துப் போச்சு. இதுல போட்டா பூக்காதுல்ல?" என்று கேட்டார்.

"ஹார்ட் டிஸ்க்குல பூக்காதுண்ணே."

தன்னுடைய பழைய ஆம்ப்ளிஃபையரையும், பலா மரத்தில் அவரே செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும்தான் கம்ப்யூட்டரோடு சேர்க்க வேண்டும் என்றார். கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து சிவப்பு வெள்ளை பின் போட்ட ஒயரை ஆம்ப்ளிஃபையருக்கு இழுத்தேன். எம்பி3 சிடிக்களை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, பக்திப் பாட்டு, கல்யாணப் பாட்டு, பழைய பாட்டு என்று தனித்தனி ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன்.

அதற்கு முன்னால் முறைப்படி எர்த் எங்கே என்று கேட்டேன். கொல்லைக்குக் கூட்டிப்போனார். மணலிலிருந்து துருப்பிடித்த இரும்புத் தண்டு ஒன்று முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதில் செம்புக் கம்பி இறுக்கிச் சுற்றியிருந்தது. கீழே புதைந்திருந்தது பழைய நங்கூரம்.

"அலையில போட்டையே நிறுத்திச்சு இது. கரண்ட நிறுத்தாதா?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. டெஸ்ட் லாம்ப் எடுத்தேன். ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். ஒன்றை பிளக் பாயிண்டில் கரண்ட் வரும் ஃபேஸிலும் மற்றதை எர்த்திலும் வைத்தால், எர்த் நன்றாக இருக்கும் வீட்டில் பல்பு பிரகாசமாக எரியும். அங்கே பளிச்சென்று எரிந்தது. நங்கூரம் புதைந்த இடத்தில் மீன் கழுவிய தண்ணீர் குளம்போல் நின்றது. இரண்டு பூனைகள் செதிலை நக்கிக்கொண்டிருந்தன. நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்து, எர்த் ஓகே என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

பாட்டு அன்று துளி இரைச்சல் இல்லாமல் கேட்டது.

இரைச்சல்

பூங்கோதை அக்காவின் போன் வந்தபோது பாய் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

"எர்த் சரியில்லாத வீட்டுல எல்லா கம்ப்யூட்டர் கேபினெட்டும் லேசா குறுகுறுங்கும்மா. நம்ம கடையில இருக்கறதே எர்த் ஒயர் கழண்டா அப்படித்தான். சவுண்டு கார்டு ஒண்ண எடுத்துட்டுப் போ. மாத்திட்டு, பாட்டப் போட்டுக் காமிச்சுட்டு வா. அங்க போயி எர்த்து, ஷாக்கு, அது இதுன்னு பேசி பயமுறுத்தாத. திருவிழா நேரம். திருப்பி எடுத்துக்குங்கன்னுடுவாங்க" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எர்த் இல்லாத கேபினெட்டில் கை வைத்தால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், அது ஆளைக் கொல்லாது என்று நானும் படித்திருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் எர்த் இருந்தது. நானே பல்பு போட்டுப் பார்த்தேன். பார்த்தேனா, அல்லது நாற்றத்துக்குப் பயந்து சரியாகப் பார்க்காமல் வந்தேனா? கோட்டுச்சேரி தாண்டும்வரை பேருந்தில் இதே யோசனை. பல்பு எரிந்தது என்று மனம் சொல்லும். உடனே, எரிந்ததாக நினைத்துக்கொண்டேனோ என்று அதுவே கேட்கும். வீட்டில் என் மகளும் இப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருக்கிறாள். அம்மா பார்த்துக்கொள்கிறார், இருந்தாலும் நம் வீட்டு மிக்ஸிக்கு எர்த் இருக்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லையே என்று அதுவும் சேர்ந்துகொண்டது.

இறங்கி நடந்தேன். தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டி நாலைந்து நாளாகியிருந்தது. செல்வமணி அண்ணன் வீட்டுக்கு இன்னும் எட்டு வீடு இருக்கும்போதே பாட்டுக் கேட்டது. அணைக்கவில்லை. ஊம் என்ற இரைச்சலும் கேட்டது. நடையை ஓட்டமாக்கினேன்.

கூடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முதல் ஆள் பூங்கோதை அக்காவின் மகள் திவ்யா. மூன்று வயது. குளித்த ஈரம் காயாத கால், வெறும் தரை. கையைக் கேபினெட் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தொடாத!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பாய்ந்து போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவினேன்.

பாட்டு பட்டென்று நின்றது. திவ்யா அழ ஆரம்பித்தாள். திண்பண்டத் தட்டோடு நின்ற விருந்தாளிகள் என்னையே பார்த்தார்கள். சமையலறையிலிருந்து செல்வமணி அண்ணனின் அம்மா அஞ்சம்மா மாவுக் கையோடு வெளியே வந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா சாமிப் பாட்ட நிறுத்திப்புட்டு நிக்கிறா. யாருடி இவ?"

"கம்ப்யூட்டர் மாட்டுன பொண்ணு அத்தை" என்றார் பூங்கோதை அக்கா.

"மாட்டத் தெரிஞ்சவளுக்கு புள்ளைய அழ வைக்காமப் பேசத் தெரியல."

பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொன்னேன். பிளக்கை மாட்டி, சுவிட்சைப் போட்டு, டெஸ்டரைக் கேபினெட் திருகில் வைத்தேன். டெஸ்டருக்குள் மங்கலாக ஒரு செம்புள்ளி. அவ்வளவுதான். பாய் சொன்ன அதே குறுகுறு. விருந்தாளிகள் முன்னால் இத்தனை ஆர்ப்பாட்டம் செய்தது வெட்கமாகிவிட்டது. சவுண்டு கார்டை மாற்றிவிட்டுப் போய்விடலாம் என்று பையைத் திறந்தேன். டெஸ்டர் இன்னும் இடது கையில், திருகின் மேலேயே இருந்தது.

அப்போது ஸ்பீக்கரில் இரைச்சல் திடீரென்று பெருத்தது. டெஸ்டர் தணல்போல் எரிந்தது.

நான் எதையும் தொடவில்லை. யாரும் எதையும் தொடவில்லை. சமையலறையில் மட்டும் கடகடவென்று கிரைண்டர் ஓட ஆரம்பித்திருந்தது.

"அம்மா, கிரைண்டர அணைங்க!"

அணைத்தார். டெஸ்டர் மங்கியது. "போடுங்க" என்றேன். எரிந்தது. "அணைங்க." மங்கியது.

"இவளுக்கு என்ன வெளையாட்டு?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

கிரைண்டருக்குள் எங்கோ கரண்ட் அதன் உடம்பில் கசிகிறது. எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும். மண்ணுக்குப் போக வழியில்லாமல், இரண்டுக்கும் பொதுவான எர்த் கம்பி வழியாகவே கம்ப்யூட்டரின் உடம்புக்கு வருகிறது. கிரைண்டர் நிற்கும்போது தொட்ட பிள்ளைகளுக்குக் குறுகுறுப்பு. ஓடும்போது தொட்டால்?

மீன் இல்லாத கொல்லை

எல்லா பிளக்கையும் உருவச் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனேன். செல்வமணி அண்ணனும் பூங்கோதை அக்காவும் பின்னாலேயே வந்தார்கள். நங்கூரம் அப்படியே இருந்தது. கம்பி அறுபடவில்லை, இறுக்கமும் குறையவில்லை. ஆனால் ஏதோ ஒன்று மாறியிருந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகுதான் மூக்கைப் பொத்தாமல் நிற்கிறேன் என்பது தெரிந்தது. நாற்றம் இல்லை. பூனைகள் இல்லை. மணல் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது.

"இங்க மீன் கழுவுறதில்லையாக்கா இப்ப?"

"காப்புக் கட்டுனப்புறம் வீட்டுல ஏது மீனு? கடைசி நாள் தீர்த்தம் முடிஞ்சுதான். இந்தப் பக்கமே யாரும் வரல" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் அந்த வீட்டுக்கு எர்த்தாக இருந்தது நங்கூரம் மட்டுமல்ல. தினமும் அங்கே கொட்டிய உப்பும் தண்ணீரும் சேர்ந்துதான். வெயில் காலத்தில் நாலு நாள் தண்ணீர் படாத கடற்கரை மணலில் புதைந்த இரும்பு, பரணில் போட்ட இரும்புபோலத்தான்.

செல்வமணி அண்ணன் நம்பவில்லை. சமையலறைக்கு வந்து, எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி, பிளக் பாயிண்டில் டெஸ்ட் லாம்ப் வைத்தேன். பல்பு எரியவில்லை. விளக்கை எடுத்துவிட்டு, நங்கூரத்தடியில் இரண்டு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஊற்றிவிட்டு அவர் வந்த பிறகு மறுபடி வைத்தேன். பல்பு மஞ்சளாக எரிந்தது.

"அட! அவ்வளவுதானா? தெனம் ரெண்டு கொடம் ஊத்திட்டாப் போச்சு. பாட்டப் போடும்மா" என்றார்.

எனக்கும் அதுதான் வசதி. இரைச்சல் போய்விடும், கம்ப்யூட்டர் திரும்பி வராது, பாய் திட்டமாட்டார். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

"ஒருநாள் ஊத்த மறந்தா அன்னிக்கு யாருண்ணே அந்தப் பொட்டியத் தொடுவா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"முறையா எர்த் குழி போடற வரைக்கும் பாட்டு வேணாம். கிரைண்டர மெக்கானிக் பாக்காம ஓட்டவே கூடாது."

"கம்ப்யூட்டரு மாட்ட வந்தவளுக்கு என் கிரைண்டர்ல என்னடி வேல?" என்றார் அஞ்சம்மா. "மாவு பாதியில நிக்கிது. அம்மனுக்கு நீயா வந்து படைப்ப?"

எனக்கு வாதாடத் தெரியவில்லை. "நீங்களே பாருங்கம்மா" என்று கிரைண்டர் பிளக்கை மாட்டினேன். நனைந்த நங்கூரம் கசிவை இழுத்துக்கொள்ளும் என்பதால், இந்த முறை அதன் எர்த் பின் படாமல், என் பையிலிருந்த இரண்டு பின் பிளக் வழியாக. யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டு, டெஸ்டரை அதன் இரும்பில் வைத்துக் காட்டினேன். தணல்போல் எரிந்தது.

அஞ்சம்மா குனிந்து அதையே பார்த்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"முந்தாநாளு மாவு வழிக்கையில வெடுக்குன்னுச்சு. நேத்தும். நரம்புத் தளர்ச்சியாக்கும்னு தைலம் தேச்சுக்கிட்டுப் படுத்தேன்" என்றார் மெதுவாக.

நான் சுவிட்சை அணைத்தேன். பிளக்கை உருவியது அஞ்சம்மாதான். ஒயரைச் சுருட்டிக் கிரைண்டர் மேல் வைத்துவிட்டு, "ஏய் பூங்கோத, அடுத்த வீட்டுல கிரைண்டர் சும்மா கெடக்கான்னு கேளு. எர்த்து இருக்கான்னும் கேளு" என்றார்.

பாய் கேட்டது

"சவுண்டு கார்டு மாத்திட்டியாம்மா?" என்று போனில் கேட்டார் பாய்.

"இல்ல பாய். கிரைண்டர நிறுத்திட்டேன்."

"நாம விக்காத சாமான ஏம்மா நிறுத்துற?"

நடந்ததைச் சொன்னேன். எர்த் குழி போடும்வரை கம்ப்யூட்டரையும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"புள்ள தொடும்போது கிரைண்டரு ஓடலியே?"

"ஓடல பாய்."

"அல்ஹம்துலில்லாஹ். நீ வா" என்று வைத்துவிட்டார்.

திருவிழா முழுக்க அந்த வீட்டில் பாட்டு இல்லை. செல்வமணி அண்ணன் என்னோடு பேசவில்லை என்று பூங்கோதை அக்கா சொன்னார். எனக்கும் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று இருந்தது. இன்றும் சில நாள் அப்படித் தோன்றும். தோன்றட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த வேலையில் அந்தச் சந்தேகம் இருப்பது நல்லது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். எர்த் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த மண் எதனால் ஈரமாக இருக்கிறது, அந்த ஈரம் எப்போது நிற்கும் என்றும் கேளுங்கள். நோன்பு, திருவிழா, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவது, எல்லாவற்றையும் கேளுங்கள். பாட்டு நன்றாகக் கேட்கிறதா என்பதைக் கடைசியில் கேட்டால் போதும்.

தீர்த்தம் முடிந்த பிறகு எலக்ட்ரீஷியன் வந்து ஆழமாகக் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார். நான் போய் டெஸ்ட் லாம்ப் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. பாட்டைப் போட்டேன். இரைச்சல் இல்லை. டெஸ்டர் எரியவில்லை. முதலில் என் புறங்கையைக் கேபினெட்டில் வைத்துப் பார்த்தேன். பிறகு திவ்யாவைக் கூப்பிட்டேன்.

அவள் உள்ளங்கையைப் பதித்துக் காத்திருந்தாள். இன்னொரு கையையும் வைத்தாள். கன்னத்தையும் வைத்துப் பார்த்தாள். பிறகு முகம் வாடி அம்மாவிடம் திரும்பி, "கெட்டுப் போச்சு" என்றாள்.

"ஆமாண்டா தங்கம், கெட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.