கொட்டாய்க்காரியின் தாய்வீடு

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு வாய்க்கால். இந்தக் கரை பிரெஞ்சுக்காரன் சீமை, அந்தக் கரை இங்கிலீஷ்காரன் சீமை. இரண்டு சீமைக்கும் வேண்டாதவளாக ஒருத்தி இருந்தாள். சந்தைக் கொட்டாயில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்ததால் கொட்டாய்க்காரி என்று பெயர். பகல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத யாரோடோ சண்டை போடுவாள். களைத்துப்போனால் அழுவாள்.

எனக்கு அப்போது ஏழு வயது. நடவு நாளில், வரப்போரத்துத் தூளியில் தூங்கிய பிள்ளையை அவள் தூக்கிக்கொண்டுபோய்ப் பனைமரத்தடியில் உட்கார்ந்து தாலாட்டினாள். பிள்ளைமேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் ஊர் கூடி, அவளை எல்லை தாண்டி விட்டுவரும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டது. ஊரில் வாடகைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர் அவர் ஒருவர்தான்.

அவள் அடம்பிடிக்கவில்லை. "எங்கம்மா வூட்டுக்கா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா தலையாட்டினார். ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தாம் நாள் அந்தக் கரைக்காரர்கள் அவளைக் கொண்டுவந்து எங்கள் கரையில் விட்டுப் போனார்கள். அப்பா மறுபடி வண்டி கட்டினார். அவர்கள் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அம்மா அவள் தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, கூழ் கொடுத்து அனுப்பினாள். அவளும் ஒவ்வொரு முறையும் அதையேதான் கேட்டாள். தலையாட்டியே அப்பாவுக்குக் கழுத்து ஓய்ந்திருக்கும்.

நாலாம் முறை, விடியற்காலையில் கிளம்பியவர் மறுநாள் பொழுது சாயத்தான் வந்தார். மாட்டை அவிழ்க்கவும் தெம்பில்லாமல் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க வுட்டுட்டு வந்தீங்க?" என்றாள் அம்மா.

"விழுப்புரத்துல. ரயில்ல ஏத்திட்டேன்."

"எந்த ரயிலு?"

"நின்ன ரயிலு." நுகத்தடியைப் பார்த்துக்கொண்டே, "ஜன்னல்ல தலைய நீட்டி, போயிட்டு வரேண்ணான்னு சொல்லிச்சு" என்றார்.

அம்மா போய் மாட்டை அவிழ்த்துக் கட்டினாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. வண்டியில் போனால்தானே திரும்பி வந்துவிடுகிறாள், ரயில் நேரே அம்மா வீட்டிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். தெருவில் வீடு வீடாக ஓடிச் சேதி சொன்னேன். அந்தப் பிள்ளையைப் பெற்றவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கட்டும், போடி" என்றாள். முறத்தை விட்டு முகத்தை நிமிர்த்தவில்லை. இவ்வளவு நல்ல சேதிக்கு ஒருவர்கூட ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.