புறாச் சிறகு ஒட்டிய தாலி

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிறவன் நான். நகை மதிப்பிடுவது என் தொழில். உரைகல்லும் தராசும் சொல்வதை மட்டும்தான் நம்புவேன். அதனால்தான், இதைச் சொன்னதும் "கண் மங்கிப் போச்சு அண்ணை" என்று சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நெளுக்குளத்தில் என் கடை. பட்டப்பகல். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவன் பழைய தாலிக்கொடி ஒன்றை நீட்டி, "அம்மான்ர. உருக்கிறதுக்கு முதல் மதிப்புப் பாத்துச் சொல்லுங்கோ" என்றான். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தாலியில் புறா. கத்தோலிக்கத் தாலி. ஒரு சிறகு உடைந்து ஒட்டப்பட்டிருந்தது. இடுக்கெல்லாம் மண்.

"அம்மா வேதக்காரியோ?"

தடுமாறினான். விசுவமடுவில் வாங்கிய காணியைத் துப்புரவாக்கும்போது கிடைத்ததாம். சண்டைக்குள் சனம் நகையைப் புதைத்துவிட்டு ஓடிய மண் அது! "உருக்கினா எல்லாம் பவுன்தானே அண்ணை" என்கிறான், கூசாமல். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, கழுவித் துடைத்துத் தராசில் வைத்தேன்.

நம்பினால் நம்புங்கள், எண் நிற்கவில்லை. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது, மறுபடி ஏறியது, நித்திரை கொள்கிற ஆளின் நெஞ்சு மாதிரி. காற்று என்கிறார்கள். அந்தத் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது ஐயா! என் மோதிரத்தை வைத்தேன், எண் அசையவில்லை. தாலியை வைத்தேன், திரும்பவும் மூச்சு. அவனும் பார்த்தான். முகம் வெளுத்து, கொடியை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனான். இன்றைக்கு ரோட்டில் என்னைக் கண்டாலும் தலையைத் திருப்பிக்கொள்கிறான். சாட்சி சொல்ல வாய் வராதாம்!

முல்லைத்தீவுக் கரையில் எனக்குத் தெரிந்த பாதர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன்; அவர் பூசையில் அறிவித்தார். கேட்டு வந்தவர்களில், ஒட்டிய சிறகைச் சரியாகச் சொன்னவள் ஒருத்திதான். கருவாடு போட்டுப் பிழைக்கிறவள். சண்டைக்குள் தாயைத் தவறவிட்டவள். தாய்க்கு என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த கொடியைப் பஞ்சில் சுற்றி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் அழவில்லை. வாங்கிய கையோடு என்னை முறைத்தாள்.

"ஆர் இதைப் போட்டிருந்தது?"

"ஒருத்தரும் போடேல்லை பிள்ளை. பெட்டிக்குள்ளதான் கிடந்தது."

"பொய் சொல்லாதேங்கோ!"

கொடியை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது. வளையங்களுக்கிடையில் வேர்வை.