கம்ப்யூட்டருக்குள் சிக்கிய பிறப்புப் பதிவு

1986-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு ரப்பர் தோட்டக் கம்பெனியின் வட்டார அலுவலகத்தில் நான் பெரிய கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் எழுதுகிறவர். பெரிய கிராணி என்றால் மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கிறவர். எந்தப் பாரத்தை எத்தனை பிரதியில் நிரப்ப வேண்டும், எந்தப் பிரதி எந்தக் கோப்புக்குப் போக வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

அப்போது எங்கள் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் துண்டு போட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் வைத்திருந்த பிறப்புப் பதிவேடுகள் இருந்தன. பழைய காலத்தில் பிறந்த பல பேருக்கு அரசாங்கத்தில் பிறப்புப் பத்திரம் கிடையாது. டிரெசர் எழுதிய அந்த ஒரு வரிதான் சாட்சி. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு ஏடுகளை அழித்துவிடும்படி தலைமை அலுவலகம் உத்தரவு போட்டது. எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி எட்டு மாதம் உட்கார்ந்து தட்டி முடித்தாள். எழுத்து தெளிவாக இருக்கிற புதிய ஏடுகளை முதலில் ஏற்று, பழையதைக் கடைசியில் வைத்துக்கொள் என்று சொன்னது நான். முடிந்ததும் அழிப்புச் சான்றிதழை மூன்று பிரதிகளில் நிரப்பி, ரப்பர் ஷீட் காய்கிற புகைக்கூடத்து அடுப்பில் ஏடுகளைப் போட்டு, கடைசிப் பக்கம் கருகும் வரை நின்று பார்த்து, கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

ஒரு புதன்கிழமை காலை, பால்மரம் வெட்டும் ஓர் அம்மா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயது இருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். ஆனாலும் கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாளக் கார்டு. இங்கேயே பிறந்ததற்கு ஆதாரம் இல்லை என்று குடியுரிமை மனு இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. மூன்றாவது நேர்காணல் வரும் திங்கட்கிழமை, தைப்பிங்கில். ஆண்டு முடிவதற்குள் லயத்தை இடிக்கப் போகிறார்கள். குடிமக்களுக்கான நீலக் கார்டு இருந்தால்தான் மலிவு வீட்டுக்கு மனு போட முடியும். அவருக்கு வேண்டியது பிறப்புப் பதிவின் நகல், என் கையெழுத்துடன்.

"வெள்ளிக்கிழமை வாங்கம்மா" என்றேன். நகல்களில் வெள்ளிக்கிழமை மட்டும் கையெழுத்திடுவது என்று பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றறிக்கை போட்டிருந்தேன். அதற்கு அப்போது நல்ல காரணம் இருந்தது. என்ன காரணம் என்றுதான் இப்போது நினைவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் இடி இடித்தது. எங்கள் பேராக் மாநிலத்தில் இடி இடிப்பது புதிதல்ல. ஆனால் அன்று அலுவலகத்துக் கம்பத்திலேயே மின்னல் இறங்கியது. வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டரை முடுக்கினால் திரை வந்தது, ஹார்ட் டிஸ்க் வரவில்லை. அப்படி ஒரு பொருள் தனக்குள் இருப்பதே அதற்கு ஞாபகமில்லை. காப்புக்காக எடுத்து வைத்திருந்த டிஸ்கெட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்தோம். பாதிக்கு மேல் பூஞ்சை. வாராவாரம் நகல் எடுத்ததற்குப் பதிவேட்டில் என் கையெழுத்து ஒழுங்காக இருந்தது. 'எடுத்தது' என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். 'படித்துப் பார்த்தது' என்று ஒரு கட்டம் போடவில்லை. கம்ப்யூட்டரை விற்ற கோலாலம்பூர் ஏஜெண்டுக்குப் போன் போட்டால், கடையே இல்லை என்றது எதிர்முனை.

ஒன்பது மணிக்கு அந்த அம்மா வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"புதங்கெழம நான் வந்தப்ப அது நல்லா இருந்துச்சா ஐயா?"

"இருந்துச்சு."

"அப்ப அன்னைக்கே குடுத்திருக்கலாம்லா" என்றார். கோபமில்லை. மரத்தில் பால் வற்றிவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னார். என்னை அதுவரை மேலதிகாரிகள் பலர் கண்டித்திருக்கிறார்கள். ஒருவருடைய சொல்லும் அப்படி உள்ளே இறங்கியதில்லை.

பதிவுகளைத் தட்டிய பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், எங்க அண்ணனக் கூப்பிடட்டுமா? வீடியோ கேம் மெஷின் ரிப்பேர் பண்றாரு."

பள்ளிப் பிள்ளைகள் காசைக் கொட்டும் அந்த விளையாட்டுக் கடைகளைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. இருந்தாலும் கூப்பிடச் சொன்னேன். முப்பது வயது மனிதர், சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர்களோடு வந்தார். கம்ப்யூட்டரின் மூடியில் 'பிரித்தால் உத்தரவாதம் ரத்து' என்று ஒட்டியிருந்த முத்திரையை நான் காட்டினேன். "உத்தரவாதம் குடுத்தவனே ஓடிட்டான், முத்திரைக்கு எதுக்குண்ணே மரியாதை?" என்று கிழித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, எங்க கடைய மூடச் சொல்லி முனிசிபலுக்கு மனு போட்டது நீங்கதான?"

"ஆமா. மூணு பிரதி."

"ஒண்ணு எங்க மொதலாளி டவுக்கேகிட்ட வந்துச்சு. நல்ல எழுத்து" என்றார், திருகாணியைக் கழற்றிக்கொண்டே.

ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. அதையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற அட்டைதான் கருகிப்போயிருந்தது. அதே ஏஜெண்ட் சித்தியவான் பக்கத்து எங்கள் தோட்டம் ஒன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர் விற்றிருந்தார். சனிக்கிழமை காலை நானே காரை ஓட்டிப் போய், இரவல் பாரத்தில் கையெழுத்திட்டு அந்த அட்டையைக் கழற்றி வந்தேன். பொருத்தினோம். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று விழித்தது. அந்தப் பெண் கைதட்டினாள். புதிய பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பாதியில் நின்றுவிட்டன.

அண்ணன்காரர் அட்டையை உற்றுப் பார்த்தார். சித்தியவான் ஹார்ட் டிஸ்க் எங்களுடையதில் பாதிதான். அட்டையில் இருந்த ரோம் என்கிற சிப்பில், ஹார்ட் டிஸ்கில் எத்தனை வளையம் உண்டு என்று எழுதி வைத்திருப்பார்களாம். 306 என்று எழுதியிருந்தது. எங்களுடையதில் 615 வளையம் என்று அதன் லேபிளே சொன்னது. அதற்கு அப்பால் இடமே இல்லை என்று அட்டை பிடிவாதம் பிடித்தது. பழைய ஏடு எல்லாம் அந்த இல்லாத இடத்தில்தான் இருந்தது. கடைசியில் ஏற்றச் சொன்னவன் யார் என்று நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

"அப்ப முடியாதா?"

"ஏன் முடியாது? விளையாட்டு மெஷின்ல உயிர் மூணுன்னு இருக்கிறத அஞ்சாக்கிறதுதான் எனக்குத் தொழிலே. இந்தச் சிப்ப காப்பி எடுத்து, 306-ஐ 615-ஆ மாத்தி வேற சிப்புல எழுதி வாரேன். நாளைக்குப் பாப்போம்லா."

ஞாயிற்றுக்கிழமை வெளியாட்கள் அலுவலகத்தில் நுழைய அனுமதி கிடையாது. இரண்டு பேருக்கு அனுமதிச் சீட்டு எழுதி, விண்ணப்பித்தவர் இடத்திலும் அனுமதித்தவர் இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். அம்மாவும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு வந்துவிட்டார். கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஐயா, நான் பொறந்தது இந்தப் பொட்டிக்குள்ளயா இருக்கு?"

"இருக்கும்மா."

"ரொம்ப நெருக்கமால்ல இருக்கும்."

அண்ணன்காரர் புதிய சிப்பைப் பொருத்தினார். முடுக்கினோம். திரையில் ஓர் எண்ணும் 'ரோம்' என்ற ஆங்கில எழுத்துகளும் வந்தன. ஹார்ட் டிஸ்க் மூச்சு விடவில்லை. நேற்று தெரிந்த பாதியும் போய்விட்டது. மறுபடி கழற்றி மாட்டினார். அதேதான். "அலாமாக், சரியாத்தான் எழுதுனேன்" என்று தலையைச் சொறிந்தார். அம்மா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எந்தப் பொருளுக்கும் ஒரு விதிப்புத்தகம் இருக்கும். கம்ப்யூட்டரோடு வந்த தடித்த புத்தகத்தை வந்த அன்றே அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். இரவல் பதிவேட்டில் கையெழுத்திட்டு எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். சுற்றறிக்கை படிக்கிற மாதிரி வரி வரியாகப் படித்தேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கிடைத்தது. அட்டையில் உள்ள சிப்பைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்வதற்கு முன், அதிலுள்ள எல்லா எண்களையும் கூட்டிப் பார்க்கும். கூட்டுத்தொகை இரண்டு பூஜ்யத்தில் முடிய வேண்டும். முடியாவிட்டால் சீந்தாது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தோட்டத்துச் செக்ரோல் என்ற வருகைப் பதிவுத் தாள்களின் அடியில், வேலைக்கு வந்தவர்களின் நம்பர்களை எல்லாம் கூட்டி எழுத வேண்டும் என்று நான் வைத்திருந்த விதி அது. பதினேழாம் நம்பரையும் நாற்பதாம் நம்பரையும் கூட்டி என்ன வரப்போகிறது என்று சின்னக் கிராணிகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஒன்றும் வராது. ஆனால் ஒரு தாள் தொலைந்தாலோ ஒரு நம்பர் மாறினாலோ அந்தக் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும்.

"உங்க சிப்புல இருக்கிறதெல்லாம் கூட்டினா எவ்வளவு வருது?" என்று கேட்டேன்.

சிப்பில் எழுதும் கருவி அந்தக் கூட்டுத்தொகையைக் காட்டுமாம். நகல் சரியா என்று பார்க்க மட்டும் அவர் அதைக் கவனிப்பார். கருவியையே கொண்டு வந்திருந்தார். பழைய சிப்பைச் செருகினார்: கடைசி இரண்டு இலக்கம் பூஜ்யம், பூஜ்யம். புதியதைச் செருகினார்: மூன்று, ஆறு. சிப்பு எண்களைத் துண்டு துண்டாக, பதினாறின் கணக்கில் வைத்திருக்கும் என்று புத்தகம் சொல்லியிருந்ததால், நம் கணக்கின் 309 அங்கே 36 ஆகத் தெரிவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

"நீங்க 306-ஐ 615-ஆக்கினதுல 36 கூடிப்போச்சு" என்றேன். "சிப்புல எங்கயாவது யாருக்கும் வேண்டாத இடம் இருக்கா?"

"கடைசியில நெறைய சும்மா கெடக்கு."

"அதுல ஒண்ணுல 36-ஐக் கொறச்சிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். தன் தங்கையைப் பார்த்தார். "அண்ணே, நீங்க கேம் கடைக்கு வந்திருக்க வேண்டிய ஆளு."

ஏற்கனவே எழுதிய சிப்பை அழிக்கப் புற ஊதா விளக்குக்குக் கீழே இருபது நிமிடம் வைக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் யாரும் நாசி லெமாக்கைத் தொடவில்லை. மறுபடி எழுதினார். கூட்டுத்தொகையின் கடைசியில் இரண்டு பூஜ்யங்கள் வந்து உட்கார்ந்தன. சிப்பை அட்டையில் அழுத்தி, அட்டையைக் கம்ப்யூட்டரில் அழுத்தி, சுவிட்சைப் போடும்படி எனக்குக் கை காட்டினார்.

ஹார்ட் டிஸ்க் கரகரத்தது. அந்தப் பெண் தேடும் கட்டளையைத் தட்டினாள். பாதியைத் தாண்டியது. திரை ஒரு நொடி வெறுமையாக இருந்தது. பிறகு வந்தது. ஏட்டு எண், பக்க எண், தாயின் பெயர், தகப்பன் பெயர், லயத்து நம்பர், பெண் குழந்தை, ஐந்து பவுண்டு. கடைசியில் டிரெசரின் குறிப்பு ஒன்று.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் உரக்கப் படித்தேன். "'தாய் அன்று காலைப் பெரட்டுக்கு வரவில்லை.'"

பெரட்டு என்றால் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆளெடுப்பது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஒரு நாளுகூட வேலைக்குப் போகாம நின்னதில்லன்னு எங்க ஆத்தா சாவுற வரைக்கும் பெருமையடிச்சுச்சு. அன்னைக்கி நின்னுருக்கு பாருங்க, எனக்காக!" சிரித்தபடியே அழுதார். அண்ணன்காரர் ஸ்க்ரூ டிரைவர்களை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார். நான் கம்பெனி முத்திரையைத் தேடி எடுத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. நகலில் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை நானே அவரைத் தைப்பிங்கிற்கு அழைத்துப் போனேன். மழை. தைப்பிங்கில் மழை என்பதை யாரும் செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதிகாரி நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூல ஏடு எங்கே என்று கேட்டார். இதை எதிர்பார்த்து நான் கொண்டுபோயிருந்தது ஒரே ஒரு தாள்தான்: அழிப்புச் சான்றிதழ். இன்ன ஏடுகள், இத்தனை பக்கங்கள், யாவும் கம்ப்யூட்டருக்கு மாற்றப்பட்ட பின் என் முன்னிலையில் எரிக்கப்பட்டன. எரித்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டு நீட்டினேன். என் வாழ்நாளில் நான் மிகவும் வெட்கப்பட்ட பாரம் அது. அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஏட்டின் எண்ணையும் பக்க எண்ணையும் விரலால் ஒத்துப் பார்த்தார். எனக்கு அந்த விரலைப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது. அவரும் என் சாதிதான், பாரத்தை முழுதாகப் படிக்கிற சாதி. 'டக்' என்று முத்திரை விழுந்தது.

அண்ணன்காரருக்கு நன்றிக் கடிதம் எழுதினேன், ஒரே பிரதி. கடைக்கு எதிரான மனுவையும் திரும்பப் பெற்றேன். அந்த நடைமுறைக்குத்தான் அதிக நாள் ஆனது.

சில மாதங்கள் கழித்து அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். சுருக்குப் பையிலிருந்து நீலக் கார்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "பாத்துக்குங்க ஐயா. இன்னைக்கு வெள்ளிக்கெழமையா இல்லையான்னுகூட நான் பாக்கல, வந்துட்டேன்."

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைச் சுற்றறிக்கையை அதற்குள் நான் ரத்து செய்திருந்தேன். ஓய்வு பெற்று எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் விதிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒருவர் நம் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற நாள்தான் அவர் வேலைக்கு உரிய நாள் என்ற ஒரு விதியை மட்டும் எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை, அதற்கு ஒரு மின்னல் வேண்டியிருந்தது.