மகளே இல்லை என்று சொன்ன அப்பா

அன்பு உறவினர்களே, நண்பர்களே,

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதி முடிந்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து எழும்போது இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும். "அக்காதானே டாக்டர் பட்டம் வாங்கினவங்க, அவங்களே எழுதட்டும்" என்று தம்பி நைசாக ஒதுங்கிக்கொண்டான். ஆய்வுக் கட்டுரைகளை மளமளவென்று எழுதும் எனக்கு, அப்பாவைப் பற்றி முதல் வரி எழுதவே மூன்று நாள் ஆயிற்று.

அப்பா பிறந்தது பாலாற்றங்கரையில், ஓரிக்கையில். ஏழு வயதில் தகப்பனாரை இழந்து, பிள்ளையார்பாளையத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே தறிக்குழியில் காலை விட்டவர், நெஞ்சுவலி வந்து மருத்துவர் தடுக்கும் வரை எழவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் பட்டு நூல் கிடைக்காமல் தறி நின்றுபோன மாதங்களும் உண்டு. அப்போது கட்டட வேலைக்குப் போய்ச் செங்கல் சுமந்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. தோளில் இருந்த காயத்தைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார்.

மறைப்பார், ஆனால் பொய் சொல்ல மாட்டார். சேலையில் ஓர் இழை தப்பியிருந்தால் மற்றவர் கண்ணில் படும் முன் அவரே விரல் வைத்துக் காட்டிவிடுவார். நான் சென்னைக் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போனேன். அடுத்த வாரமே ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போய் என் பெயரை அடித்துவிட்டு வந்தார். "இங்க சாப்பிடாத ஆளுக்கு எதுக்கும்மா அரிசியும் சக்கரையும்?" என்றார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் எனக்குத் தெரிந்து வாழ்நாளில் ஒரே ஒரு பொய் சொன்னார். அதுவும் போலீஸிடம். அதுவும் என்னைப் பற்றி.

அறுபதுகளின் கடைசியில், இயற்பியல் முடித்து அணுப் பொறியியலில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருந்தேன். அணு உலையிலிருந்து பாய்ந்து வரும் நியூட்ரான்களைத் தடுத்து நிறுத்த எந்தப் பொருளால், எத்தனை கனத்தில் சுவர் வேண்டும் என்பதே என் ஆய்வு. காகிதத்தில் கணக்கிட்டுக் கண்டதைச் சோதித்துப் பார்க்க, உலை இருக்கும் வளாகத்துக்குள் போக வேண்டும். அங்கே யாரையும் சும்மா விட மாட்டார்கள். ஆள் யார், எங்கே வளர்ந்தவர், யாரோடு பழகுபவர் என்று சொந்த ஊரில் போலீஸ் விசாரித்து அறிக்கை தந்தால்தான் அனுமதி. நானும் விண்ணப்பம் போட்டேன். இப்படி விசாரணைக்கு வருவார்கள் என்று வீட்டுக்கு ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இந்தக் கதையில் முதல் தப்பு என்னுடையது.

பங்குனி உத்திரம் நெருங்கிய நேரம். வேட்டி சட்டையில் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து எதிர்வீட்டு அத்தையிடம் என் பெயரைச் சொல்லி, "இந்தப் பொண்ணு எப்படி? யார் யாரோட பழகும்? வெளியூர் ஆளுங்க யாராவது தேடிக்கினு வருவாங்களா?" என்று கேட்டிருக்கிறார். நீ யாரப்பா என்று கேட்டால், போலீஸ் என்று பதில். கல்யாணமாகாத பெண்ணைப் பற்றிப் போலீஸ் வந்து இப்படியெல்லாம் கேட்டால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெண் ஏதோ தப்பில் சிக்கியிருக்கிறாள். அத்தை எங்களுக்கு உறவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஆனால் என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லியேப்பா."

அடுத்த வீட்டிலும் அதே பதில். அந்தப் போலீஸ்காரர் நடந்ததைவிட வேகமாகச் செய்தி தெருக்கோடிக்குப் போய்விட்டது. கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா தறியை விட்டு எழாமலேயே சொன்னார்: "எனக்கு ஒரே பையன்தாங்க. பொண்ணு கிடையாது."

அந்த மனிதர் கடமை தவறாமல் ரேஷன் கடையிலும் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கும் என் பெயர் இல்லை. "கொடுத்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை" என்று அறிக்கை போயிற்று. நான் வேறொருத்தியின் பெயரில் உள்ளே நுழையப் பார்க்கிறேன் என்ற சந்தேகம் எழுந்தது. துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, சரியான விளக்கம் வராவிட்டால் ஆய்வு இடமே போய்விடும் என்றார். அன்றைக்கே பஸ் ஏறினேன்.

தெருவில் கால் வைத்ததும் அத்தை ஓடிவந்து என்னை உள்ளே இழுத்தார். "இப்ப ஏம்மா வந்த? அந்த ஆளு இன்னும் சுத்திக்கினு இருந்தா என்ன பண்றது?"

எனக்குப் பாதி புரிந்தது. மீதியை அப்பாவிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். "பெத்த பொண்ணையே இல்லன்னு சொல்லிட்டியாப்பா?"

"உன் பேரு நாலு பேர் வாயில விழக்கூடாதுன்னுதாம்மா சொன்னேன்" என்றார். கோபம் அங்கேயே செத்துப்போயிற்று.

உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். உலையில் இருக்கும் பொருள் தப்பான கைக்குப் போனால் எத்தனை ஊர் அழியும், அதனால்தான் உள்ளே வருகிறவரைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள் என்று சொன்னேன். அப்பா சரிகையை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு சொன்னார்: "சரிகை வெச்சிருக்கிற வீட்டுல யாரு எவர்னு கேக்காம உள்ள விடுவோமா? அவங்க கேட்டது நியாயம்மா. நான் சொன்னதுதான் தப்பு. வா, ஸ்டேஷனுக்குப் போவலாம்."

போலீஸிடம் பொய் சொன்னவனைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று உறுதியாக நம்பினார். ஒரு மஞ்சள் பையில் மாற்று வேட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டார். அம்மா அழுதுகொண்டே நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டார். "நானுந்தான சொன்னேன், அவரு மட்டும் ஏன் போவணும்?" என்று அத்தையும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அன்னைக்கு இல்லன்னீங்க. இன்னைக்கு இருக்குதுன்றீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க? நான் எதை நம்பி எழுதறது?" என்றார். சான்றிதழ்களை நீட்டினேன். "இதுல இருக்கிற பொண்ணு நீதான்னு யாரும்மா சொல்றது? சொல்ல வேண்டியவங்க எல்லாரும் ஏற்கெனவே பொய் சொன்னவங்க." ஆய்வு செய்கிறவளாக யோசித்துப் பார்த்தேன். அவர் பேச்சில் ஓட்டையே இல்லை.

அப்பாதான் வாய் திறந்தார். "அய்யா, எங்க வாயை நம்பாதீங்க. வீட்டுக்கு வாங்க. தறியில எங்க ரெண்டு பேரையும் குந்தவெச்சுப் பாருங்க."

உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வரும் கோர்வைச் சேலையை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெய்கிறவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு இழை கொண்டுபோகும் நாடாவைத் தள்ள வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் இழை சிக்கிக்கொள்ளும். எட்டு வயது முதல் விடுதிக்குப் போகும் வரை பள்ளி விட்டு வந்து நான் உட்கார்ந்த இடம் அது. தம்பி எழுந்து எனக்கு இடம் விட்டான்.

சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் பின்னால் நிற்க, வாசலை அடைத்துக்கொண்டு தெருவே நின்றது. முதல் நாடாவைத் தவறவிட்டேன். யாரோ "அய்யய்யோ" என்றார்கள். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிதியை மிதித்தார், காத்திருந்தார். இரண்டாவது சரியாகப் போயிற்று. மூன்றாவதில் கை தானாக ஓடியது. ஒரு வார்த்தை பேசாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், நாலு விரற்கடை நெய்தோம்.

"எத்தனை வருஷம் பழகினா இப்படி வரும்?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பக்கத்துலயே வளந்தாத்தாங்க வரும்."

அவர் சிரித்துவிட்டார். கூட வந்த போலீஸ்காரரிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார். மஞ்சள் பைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அனுமதி வந்தது, ஆய்வு முடிந்தது, பட்டமும் கிடைத்தது. அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எத்தனை கனம் சுவர் வேணும்னு தெரிஞ்சுதாம்மா?" தெரிந்தது என்றேன். அன்றைக்குத் தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு போனார். இப்போது நான் ஆய்வு வழிகாட்டி. விண்ணப்பம் போடும் மாணவர்களிடம் முதலில் சொல்வது, வீட்டுக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள் என்பதுதான்.

கடைசி மாதங்களில் அப்பாவைக் கண்போல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றிய தெருப் பிள்ளைகளுக்கும், இரண்டு வேளையும் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அத்தைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தத் தெருவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் அனுமதியைப் புதுப்பிக்க அண்மையில் மறுபடியும் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார், இளைஞர். அப்பாவுக்கு மாதந்தோறும் கொடுக்கும் மாசியத் திதிக்காக நானும் அன்று வீட்டில் இருந்தேன். தெருவே கூடிவிட்டது. ஒருவர் நாற்காலி போட்டார், நாலு வீட்டிலிருந்து காபி வந்தது. நான் எப்போது நடந்தேன், எந்த வகுப்பில் என்ன பரிசு வாங்கினேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "போதும்மா, எழுத இடமில்ல" என்று அவர் கெஞ்சினார். பிறகு தாளைப் பார்த்து, "அப்பா இருக்காருங்களா?" என்று கேட்டார்.

பேச்சு நின்றுபோயிற்று. அத்தை வாயைத் திறந்து மூடிக்கொண்டார். என்னை ஒரு காலத்தில் அத்தனை சுலபமாக இல்லை என்று சொன்ன தெரு அது. அப்பாவை அப்படிச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் நான்தான் சொன்னேன்.